கீழ்க்கண்டத்தில் நெல் நிற்கிறது

சம்மாந்துறை
ஏப்ரல் 21

அன்புள்ள றினாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் உங்கள் மச்சான் பஸாலும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் நீங்களும் றஸ்னா மச்சியும் எப்படி என்று கேட்டு எழுதச் சொல்லி உம்மா பக்கத்திலேயே இருக்கிறா. "மூட்டு நோவுண்டு எழுதாத, அவன் பயந்திருவான்" என்கிறா. மூட்டு நோவுதான்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைக்கும்போது உங்களுக்கு எப்போதும் மற்ற லைனில் யாரோ வருகிறார்கள். நான் அனுப்பும் வொய்ஸை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்று மச்சி சொல்லிவிட்டா. அப்படிக் கேட்டால் என் கோபம் அணில் கத்துவது போலத்தான் கேட்கும். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. பதிலும் கடிதத்தில்தான் வேண்டும். கோல் எடுத்தால் உம்மா எடுப்பா. அவவிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கதையுங்கள்.

பெருநாளைக்கு வந்தபோது விவசாயிகள் கூட்டத்தில் நீங்கள் எழும்பிக் கதைத்ததை ஊர் இன்னும் சொல்கிறது. குளத்தில் அரைவாசித் தண்ணீர்தான் என்றதும் குளத்துக்குக் கிட்ட வயலுள்ள மேல்க்கண்டத்தாரும் வாய்க்கால் வாலில் வயலுள்ள கீழ்க்கண்டத்தாரும் கைகலக்கப் பார்த்தார்கள். நீங்கள்தான் எழும்பி, "எங்கட வாப்பா வட்டவிதானையா நிண்டு தண்ணி பங்கிட்ட காலத்துல, தண்ணி காணாத சிறுபோகத்துல என்ன செஞ்சாங்க? கீழ்க்கண்டத்தச் சும்மா விட்டுட்டு, மேல்க்கண்டத்த எல்லாரும் பங்கு போட்டுச் செஞ்சாங்க. ஆரும் பட்டினி கிடக்கல்ல" என்றீர்கள். மேல்க்கண்டத்தில் பெரிய காணிக்காரர் ஷரிபுதீன் ஹாஜியார்தான் முதலில் தலையாட்டினார். வட்டவிதானையின் மகன் சொன்ன சொல் என்று மற்றவர்களும் அடங்கினார்கள்.

இப்போது ஹாஜியாரின் வயலில் முக்கால் ஏக்கர் என் பங்கு. பக்கத்துப் பங்கு சொறிக்கல்முனைத் தர்சிகா அக்காவுக்கு. கீழே என் சீதனக் காணி மூன்று ஏக்கரும் காய்ந்து கிடக்கிறது. கீழே நெல் போடுகிறவருக்கு மேலே பங்கில்லை என்பது வாப்பா காலத்து முறையல்லவா. கீழ்மதகை அடைத்துவிட்டோம்.

உங்கள் மச்சானுக்குத்தான் வேலை குறைவு. கல்முனையில் கூரைகளுக்கு சோலர் பூட்டுகிறவர். வருடப்பிறப்பு லீவில் கரண்ட் மிஞ்சுகிறதாம், கூரை சோலரை நிப்பாட்டி வையுங்கள் என்று அறிவித்தல் வந்தது. பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இவருக்குக் கோல் எடுத்து, "தம்பி, லோன் எடுத்துப் பூட்டின சாமான். வெயிலையும் நிப்பாட்டச் சொல்லி ஒரு அறிவித்தல் போடச் சொல்லுங்க" என்றாராம்.

உங்கள் புது வேலை என்ன என்று நீங்கள் சொல்லவேயில்லை. கேட்கிறவர்களிடம் உம்மா "கொழும்புல பெரிய கந்தோர்" என்று சமாளிக்கிறா.

வஸ்ஸலாம்.
தங்கச்சி முஸ்பிறா


தெஹிவளை
மே 12

அன்புத் தங்கச்சி முஸ்பிறா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் நலம். றஸ்னாவுக்குக் கொஞ்சம் தடிமன். பேனாவால் கடைசியாக இவ்வளவு எழுதியது ஏ.எல். சோதனையில். கை நோகிறது, உன் தண்டனை வேலை செய்கிறது.

என் வேலை சூரிய மின்சாரத்தில்தான். கம்பெனியின் காணிப் பகுதியைப் பார்க்கிறேன். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்வதென்றால், வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற பெரிய கந்தோர். அதைத்தான் அவவும் சொல்லியிருக்கிறா.

கூரைகளைப் பற்றிய உன் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் கூரைகளை ஒருவரால் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்த முடியாது. பெரிய சூரிய மின் பூங்கா என்றால் ஓர் இடத்திலிருந்து கூட்டலாம், குறைக்கலாம். கரியும் டீசலும் எரிப்பதை எப்போதாவது நிறுத்தத்தான் வேண்டும். நம் குளத்தில் அரைவாசித் தண்ணீர் நிற்பதற்குக் காரணமே மாரிமழை முறை தவறியதுதான். இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

பங்கு முறையில் எல்லாரும் ஒற்றுமையாகச் செய்வது சந்தோஷம். ஹாஜியாருக்கு என் ஸலாம் சொல். ஒரு விஷயம்: கீழ்க்கண்டத்தில் இந்த முறை பயறு, எள்ளு ஒன்றும் போட வேண்டாம். மண் ஆறட்டும். மற்றவர்களுக்கும் சொல்லிவிடு.

உம்மாவின் மூட்டுக்கு ஓர் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிப் பூச வேண்டும்.

உன் காக்கா,
றினாஸ்


சம்மாந்துறை
ஜூன் 19

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் வந்தது. உம்மா பூசுகிறா, நோவு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் பங்கு இறைச்சியைப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறா. மச்சியின் தடிமன் சுகமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே பயிர் நல்லது. குடலைப் பருவம், கதிர் உள்ளே திரள்கிறது. நீங்கள் சொன்னபடி கீழே நான் பயறு போடவில்லை. நான் சொன்னதால் மற்றவர்களும் போடவில்லை.

போன கிழமை ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கிக் கீழ்க்கண்டத்து வரம்பில் நின்று ட்ரோன் பறக்கவிட்டார்கள். ஆள்காட்டிக் குருவிகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. நானும் தர்சிகா அக்காவும் மேலிருந்து இறங்கிப் போனோம். அக்காவைத் தெரியும்தானே, ஆளைப் பார்த்துக் கதைக்கிறவ இல்லை.

"என்ன தம்பி, வயலுக்க என்னத்தத் தேடுறீங்க? நக நட்டு விழுந்திட்டா?"

"படம் எடுக்கிறம் அக்கா. தரிசு நிலம்தானே."

"தரிசெண்டு ஆர் சொன்ன? இது இந்தப் போகம் படுத்துக் கிடக்கிற வயல். மேல பாருங்க, பச்சையா நிக்குதே, அத இந்த வயல்ட ஆக்கள்தான் செஞ்ச."

கையில் ரிமோட் வைத்திருந்தவன் சிரித்தான். "கமராவுக்கு அதெல்லாம் விளங்காதக்கா."

"அப்ப விளங்கிற ஒண்ட வாங்கிட்டு வாங்க. மறுகா கதைப்பம்."

அவர்கள் மேல்க்கண்டத்தைப் படம் எடுக்கவில்லை காக்கா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கிருந்து எதுவரை என்று முன்பே தெரிந்தவர்கள் போல எடுத்துக்கொண்டு போனார்கள்.

அது உங்கள் கம்பெனியா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும், கை நோகாது.

வஸ்ஸலாம்.
முஸ்பிறா


சம்மாந்துறை
ஜூலை 30

றினாஸ் காக்காவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். நீங்களும் சுகம்தான்; பேஸ்புக்கில் பார்த்தேன், மச்சியோடு நுவரெலியாவில் குளிரில் நிற்கிறீர்கள். ஒரு சொல் எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

பரவாயில்லை, பதில் வந்துவிட்டது. கீழ்க்கண்டத்து முகப்பில் பலகை நட்டிருக்கிறார்கள், மூன்று மொழியில். உத்தேச சூரிய மின் பூங்கா. கீழே சின்ன எழுத்தில், நீண்டகாலமாகப் பயிரிடப்படாத நிலம். பலகை நட்ட ஆளிடம் கேட்டேன், இந்த இடத்தை யார் உங்களுக்குக் காட்டினது என்று. சந்தோஷமாகச் சொன்னான்: "றினாஸ் சேர்ட ஊர்தானே இது. அவர்தான் காட்டின."

போன பெரும்போகம் அந்த நிலத்தில் நெல் வெட்டினோம். நீண்டகாலம் என்பது உங்கள் கந்தோரில் எவ்வளவு நீளம்?

நான் வயலில் நிற்கிறவள், அரசியல் மேடையில் நிற்கிறவள் இல்லை. ஆனால் இதை விளங்க மேடை தேவையில்லை. சித்திரையில் எங்கள் கூரைகளில் வெயில் கூடிப்போய்விட்டது, நிப்பாட்டுங்கள் என்றார்கள். ஆடியில் நாட்டுக்கு வெயில் காணாது, வயலைத் தாருங்கள் என்கிறார்கள். தபால்காரரின் கூரையில் விழுந்தால் மிச்சம், கம்பெனியின் சோலர் பலகையில் விழுந்தால் அபிவிருத்தி.

உம்மாவுக்குச் சொல்லவில்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. சோலர் வருகுது என்றேன். "நல்லந்தானே கா, ஒண்ட மாப்பிள்ளைக்கும் வேல கிடைக்கும்" என்றா.

இனி உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. பெருநாள் கழிந்து அந்தக் கூட்டத்தில் எழும்பி, வாப்பாவின் பெயரைச் சொல்லி, கீழ்க்கண்டத்தைச் சும்மா விடச் சொன்னீர்களே, அன்றைக்கு உங்களுக்கு இது தெரியுமா?

பயறு போட வேண்டாம் என்று எழுதியபோது?

முஸ்பிறா


தெஹிவளை
ஓகஸ்ட் 17

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ ஸலாத்தைக்கூடச் சுருக்கிவிட்டாய். நான் சுருக்கவில்லை. நாங்கள் நலம். உம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய், ஆகையால் நான் நிதானமாகவே எழுதுகிறேன். கம்பெனி யாருடைய காணியையும் பறிக்கவில்லை. குத்தகைக்குத்தான் கேட்கிறது, இருபத்தைந்து வருடம். விதை, உரம், எண்ணெய், யானை, மழை என்று ஒரு கவலையும் இல்லாமல் வீட்டிலிருந்து வாங்கலாம். கீழ்க்கண்டம் எந்தக் காலத்திலும் கடைசியாகத்தான் தண்ணீர் கண்டது. வாய்க்கால் வாலில் நின்று இரவிரவாக வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையைக் காத்த வாப்பாவின் கால்களை நீ மறந்திருக்க மாட்டாய்.

எல்லா ஊரும் சோலர் நல்லது, எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் சோலர் பலகையைக் கடலிலா நடுவது? நீ வெயிலில் நின்று காலநிலையைத் திட்டுகிறாய். நான் அதற்கு ஏதாவது செய்கிற இடத்தில் இருக்கிறேன். அந்த வேலையை நான் மனமார நம்புகிறேன். இதையும் நீ நம்ப வேண்டும்.

இன்னொன்று. வாப்பா உனக்கு வயலைத் தந்தார், எனக்குப் படிப்பைத் தந்தார். பெண் பிள்ளைக்குத்தான் காணி என்பது நம்மூர் வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்டத்தில் எனக்கென்று ஒரு வரம்புகூடக் கிடையாது. படிப்பு எங்கே கூப்பிடுகிறதோ அங்கேதான் நான் போக முடியும். அதை மறந்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாய்.

நீ கேட்டதைப் பற்றி நேரில் கதைப்போம்.

செப்டெம்பரில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைப்பார்கள். போ. மரியாதையாகக் கதை.

றினாஸ்


சம்மாந்துறை
செப்டெம்பர் 24

றினாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. இம்முறை சுருக்கவில்லை. உம்மாவுக்கு மூட்டு சுகம், கண்தான் புகைபோல மங்குகிறது. மச்சிக்கு என் ஸலாம்.

போனேன். மரியாதையாகத்தான் கதைத்தோம். நீங்கள் வராததால் நடந்ததை எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஏ.சி. போட்டு, ஆளுக்கொரு மரக்கன்று தந்தார்கள். வெள்ளைச் சேட்டுக்காரர் ஒருவர் திரையில் படம் காட்டினார். பனிமலை உருகுகிறது, கரடி நீந்துகிறது. பிறகு எங்கள் கீழ்க்கண்டம், மேலிருந்து, வெடித்த மண்ணோடு. "உலகம் சூடாகுது. எல்லாரும் கொஞ்சம் தியாகம் செய்ய வேணும்" என்றார்.

தர்சிகா அக்கா எழும்பினா. "தம்பி, அந்தக் கரடிக்கு எங்கட வயலாலயா சூடு போன? எங்கட வீட்டுல ஒரு பேனும் ரெண்டு பல்பும். தியாகத்த, கூடுதலாச் சுட்டவனுக்கிட்ட இருந்து துவங்குங்க."

உங்கள் மச்சான் எழும்பினார். அவர் கதைக்கவே மாட்டார், அன்றைக்குக் கதைத்தார். "நான் சோலருக்கு எதிரியில்ல சேர், அதாலதான் சாப்பிடுறன். கல்முனையில இன்னும் எத்தின கூரை சும்மா கிடக்கு, பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி. அதுகள முடிச்சிட்டு வயலுக்கு வாங்களன்."

"கூரை எங்கட திட்டத்துக்குள்ள வராது" என்றார் வெள்ளைச் சேட்டு.

"ஓம், கூரைக்கு ஆள் இரிக்கி. நீங்க வெத்து நிலம் எண்டு நினைச்சித்தானே வந்த."

பிறகு அந்த ஆள் மேல்க்கண்டத்தார் பக்கம் திரும்பினார். கீழ்க்கண்டம் பூங்காவானால் குளத்துத் தண்ணீர் முழுக்க மேலேதான் என்று மெல்லச் சொன்னார். இந்தச் சிறுபோகம் எங்களுக்கு வயலைப் பங்கு தந்தவர்கள், முன்வரிசையில் தலையைக் குனிந்து மரக்கன்றின் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஷரிபுதீன் ஹாஜியார்தான் எழும்பினார். "அந்தக் கண்டம் சும்மா கிடக்கல்ல தம்பி. அந்த ஆக்கள் என்ட வயல்லதான் நிண்டாங்க. என்ட வயல்ட பாதி இந்தப் போகம் அவங்கட."

"அதுக்கு எழுத்துல ஏதும் இரிக்கா ஹாஜியார்?"

"எழுத்தில்ல. ஒங்கட றினாஸ் எழும்பிச் சென்னாரு, செஞ்சம். அவரக் கூட்டி வாங்க, செல்லுவாரு."

"றினாஸ் இண்டைக்கு லீவு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது காக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வரும்போது தர்சிகா அக்கா என் தோளில் கை போட்டு, "உன்ட காக்கா உனக்கு. அவர நாங்க உன்னட்டக் கேக்க மாட்டம்" என்றா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலநிலை என்ற சொல்லை நீங்கள் எழுதும்போது எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. உண்மையான சொல். மழை பிந்துவதை நான் தினம் பார்க்கிறேன். அந்த உண்மையை எடுத்துக்கொண்டு வந்துதான் எங்கள் வாசலை உடைக்கிறார்கள். தண்ணீர் குறைந்தபோது அடிபடாமல் பங்கிட்டோமே, காலநிலைக்கு அதைவிட வேறென்ன மருந்து? அதைப் படம் பிடித்துத் தரிசு என்று எழுதினீர்கள்.

கேள்வி அப்படியே இருக்கிறது. நேரில் கதைப்போம் என்றீர்கள். நேர் எப்போது வரும்?

வஸ்ஸலாம்.
முஸ்பிறா


தெஹிவளை
ஒக்டோபர் 20

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் கண்ணைக் கல்முனையில் காட்டு, தாமதிக்காதே. நாங்கள் நலம்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. மண்டபத்தில் நடந்தது மேலிடத்துக்குப் போயிருக்கிறது. கமிட்டியில் நானே எழும்பிக் கதைத்தேன். ஒரு சிறுபோகத்தின் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றேன். லேசாக நடக்கவில்லை. என்னைவிடப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த சிறுபோகம், மே மாதக் கடைசியில் திரும்பவும் படம் எடுப்பார்கள். கீழ்க்கண்டத்தில் நெல் நின்றால் திட்டம் வேறு இடத்துக்குப் போகும். அந்த முறையும் வெறுமையாகக் கிடந்தால் பயன்படாத நிலம் என்று முடிவாகிவிடும். பயறு, எள்ளு கணக்கில் வராது. நெற்காணி, ஆகையால் நெல் நிற்க வேண்டும்.

உனக்காக ஒரு போகம் வாங்கித் தந்திருக்கிறேன் முஸ்பிறா. இதற்கு மேல் என் இடத்திலிருந்து செய்ய முடியாது.

[இங்கே ஒரு வரி எழுதப்பட்டு, கறுப்பாக அடிக்கப்பட்டிருக்கிறது]

பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டீர்களா? றஸ்னா உம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறா.

காக்கா


சம்மாந்துறை
ஜனவரி 14

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் ஒரு கண்ணில் ஒப்பரேஷன் செய்தாயிற்று. தெளிவாகத் தெரிகிறதாம். பிரிட்ஜைத் திறந்து, உங்கள் இறைச்சியை யார் தின்றது என்று கேட்டா. சால்வை வந்தது, கந்தூரிக்குப் போர்த்திக்கொண்டு போனா.

பெரும்போகம் கீழேயும் மேலேயும் நிற்கிறது. மூன்று ஏக்கரும் கதிர். உங்கள் ட்ரோனை இப்போது அனுப்பமாட்டார்கள், தெரியும்.

ஒரு வரியை அடித்திருக்கிறீர்கள். உங்கள் மச்சான் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போமா என்றார். வேண்டாம் என்றேன். சொல்ல விருப்பமென்றால் அடிக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் வாங்கித் தந்த போகத்தைப் பற்றி எழுத வேண்டும். இரவு படுத்தால் அதுதான் நினைவு. அடுத்த சிறுபோகம் குளம் நிறைந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாரும் தன் தன் வயலில் விதைப்பார்கள். நிறையாவிட்டால்? பங்கு போட்டால் கீழே வெறுமை, நிலம் போய்விடும். பங்கு போடாவிட்டால் கீழே தண்ணீர் வராது, பயிர் போய்விடும். வட்டவிதானையின் மகனுக்கு இது தெரியாமல் போக முடியாது. கமிட்டியில் கை கொடுத்துவிட்டு வரும் வழியிலாவது தோன்றவில்லையா?

மார்கழியோடு மழை நின்றுவிட்டது. குளம் நிரம்பி வான் வழியாக இந்த வருடம் பாயவேயில்லை. தை மழைக்குத்தான் துஆ கேட்கிறோம்.

வஸ்ஸலாம்.
முஸ்பிறா


தெஹிவளை
மார்ச் 8

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் கண் தேறியது கேட்டு அல்ஹம்துலில்லாஹ். பிந்தியதற்கு மன்னி. எனக்கு வேறு மாவட்டத்துத் திட்டத்தைத் தந்திருக்கிறார்கள், பொறுப்பும் கூட்டியிருக்கிறார்கள். ஓடித் திரிகிறேன். இந்தப் பெருநாளைக்கும் வரக் கிடைக்காது. உம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

குளத்து நிலைமை கேள்விப்பட்டேன். கூட்டத்தில் யாராவது பங்கு என்று ஆரம்பித்தால் நீ கை தூக்காதே. மற்றவர்களையும் பார்க்காதே. உன் வயலில் நீ நெல்லைப் போடு. அவ்வளவுதான்.

காக்கா


சம்மாந்துறை
ஏப்ரல் 27

றினாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் உங்கள் மச்சானும் சுகம். நீங்களும் மச்சியும் சுகமாக இருக்க வேண்டும் என்றே இதையும் எழுதுகிறேன்.

கூட்டம் நடந்தது. குளத்தில் போன முறையைவிடக் குறைவு. ஷரிபுதீன் ஹாஜியார் எழும்பினார். மேல்க்கண்டத்தில் எல்லாரையும் வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "கீழ்க்கண்டத்து ஆக்கள் வாங்க. போன முறை போல மேல பங்கு தாறம். கைய ஒசத்துங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. நானும்தான். நீங்கள் சொன்னதற்காக இல்லை. கை உயர்த்தினால் கீழே வெறுமை, வெறுமையானால் பலகை. எல்லாருக்கும் அது தெரியும்.

ஹாஜியார் எங்கள் பக்கம் திரும்பினார். "தர்சிகா, புள்ள, நீயாவது வா" என்றார்.

தர்சிகா அக்கா சொன்னா: "வந்தா உங்கட வயல்ல சோறு கிடைக்கும் ஹாஜியார். திரும்பிப் போக எனக்கு வயல் இரிக்காது."

அவர் உட்கார்ந்துவிட்டார். உங்கள் சொல்லுக்குத் தலையாட்டிய அதே கதிரை.

மேல்க்கண்டத்து இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் போகும்போது சத்தமாகவே சொன்னார்கள்: "பங்கு தந்தா வேணாமாம். மறுகா தண்ணி தண்ணிண்டு வரட்டும், பாப்பம்." போன வருடம் என் களைக்கு மருந்தடித்துத் தந்தவர்கள். இனி எத்தனை தண்ணீர் காணாத போகம் வந்தாலும் இந்த ஊரில் ஒருவரும் தன் வயலைச் சும்மா விட்டு மற்றவரின் வயலில் இறங்கமாட்டார். யார் எங்கிருந்து படம் பிடிக்கிறான் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இனி விவசாயம். இந்தப் பிரிவை உங்கள் கம்பெனி கேட்கக்கூட இல்லை காக்கா, அதற்குச் சும்மா கிடைத்தது.

கீழ்க்கண்டத்தார் எல்லாரும் விதைத்தார்கள். நானும் விதைத்தேன். மூன்று ஏக்கரும். வரம்பு கட்டி, மட்டம் அடித்து, மதகடியில் கசிந்த தண்ணீரைத் தர்சிகா அக்காவும் நானும் வாளியால் அள்ளி ஊற்றி நனைத்து விதைத்தோம். அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதை நெல். காயும் என்று தெரிந்துதான் போட்டோம். உங்கள் மச்சான் மோட்டர் ஒன்று கொண்டு வந்து வைத்தார், இறைக்க வாய்க்காலில் ஒன்றுமில்லை. வரம்பில் உட்கார்ந்து, "தின்னுறதுக்கு விதைச்சிரிக்கம், விக்கிறதுக்கு விதைச்சிரிக்கம். படம் எடுக்கிறதுக்கு விதைக்கிறது இதான் முதல்" என்று சிரித்தார்.

உம்மா கடைசியில் கேட்டுவிட்டா. கண் தெளிந்ததும் பலகையை அவவே வாசித்திருக்கிறா. "இதுல றினாஸ் இரிக்கானா?" என்றா. நான் உங்களைப் போலவே செய்தேன். வேறு ஏதோ கதைத்தேன். அவ திரும்பக் கேட்கவில்லை. பிரிட்ஜில் உங்களுக்கென்று இப்போது ஒன்றும் வைக்கிறதில்லை.

என் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் எழுதாத அத்தனை மாதமும் சேர்ந்து பதில் எழுதிவிட்டது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படம் மே கடைசியில்தான் என்று எழுதியிருந்தீர்கள். நெல் முளைத்திருக்கிறது. முழுக் கண்டமும் பச்சை, விரல் உயரம். உங்கள் ஆட்களை இந்தக் கிழமையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கிழமை வந்தால் பிந்திவிடும்.

வஸ்ஸலாம்.
முஸ்பிறா